பஞ்சத்தில் பார்த்த பெண்

நாகலிங்கம் தெய்வானையைப் பெண் பார்க்க வந்தது 1946ஆம் ஆண்டு. அந்த ஆண்டு மொரீஷியஸ் தீவில் ஏழைப் பெண் ஒருத்திகூடக் குண்டாக இருந்ததில்லை. யுத்தத்தில் பர்மா அரிசி வருவது நின்றுபோய், ஜனங்கள் சோளமாவையும் மரவள்ளிக்கிழங்கையும் தின்று காலம் தள்ளினார்கள். அந்தக் கிழங்கையும் முந்தின வருடத்துப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பிடுங்கிப் போட்டுவிட்டன. பிறகு மலேரியா. தெய்வானை அந்தக் காய்ச்சலில் கிடந்து எழுந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டிக் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. சேலையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இடுப்பில் நிற்கவில்லை.

நாகலிங்கம் போர்ட் லூயிஸ் துறைமுக அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. கோட்டு போடுகிறவர், பிரெஞ்சு பேசுகிறவர். பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கூட வந்த நண்பரிடம், "துரைசானி மாதிரி இடுப்பு. கூலிக்காரன் வீட்டுல இப்படி ஒரு பொண்ணா?" என்றார். அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது.

அது காய்ச்சல் செதுக்கிய இடுப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

உண்மையில் தெய்வானையின் குடும்பம் எலும்பு பெருத்த குடும்பம். சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தைக்குக் கிழக்கே ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் அவர்கள் இருந்தார்கள். அவளுடைய தாய் கோவிந்தம்மா கரும்புக் கட்டை ஆண்களுக்குச் சமமாகத் தூக்கி வண்டியில் எறிவாள். தோள் அகலம், கை கனம், சிரிப்பும் கனம். 1937இல் தெய்வானைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கிழக்குப் பக்கமெங்கும் கூலி போதவில்லை என்று கரும்பு வெட்டுகிறவர்கள் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டார்கள். அந்த மாதம் துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்தார்கள். இவர்களுடைய தோட்டத்தில் துப்பாக்கி இல்லை, தடி இருந்தது. ஆலை வாசலுக்கு நடந்துபோன கூட்டத்தில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். கோவிந்தம்மா நடுவில் நின்றாள். தோட்டத்துக்காரன் வைத்திருந்த அடியாட்களில் ஒருவன், கூட்டத்திலேயே பெரிய உருவமாகத் தெரிந்தவளைப் பார்த்து ஓங்கினான். தடி தாடையில் விழுந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் நின்றிருந்த தெய்வானைக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் போலத்தான் இருந்தது.

உடைந்த தாடை கோணலாகவே கூடியது. அதன்பிறகு கோவிந்தம்மாவால் எதையும் மெல்ல முடியவில்லை. கஞ்சியை வாயோரமாக ஊற்றிக்கொள்வாள், பாதி வெளியே வழியும். மரம்போல இருந்தவள் இரண்டு வருடத்தில் கொடிபோல இளைத்துச் செத்தாள். சாகிறவரைக்கும் மகள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"தின்னு பிள்ளே. திங்க முடியறப்பவே தின்னு" என்பாள். வார்த்தை குழறித்தான் வரும்.

சாப்பாட்டைப் பற்றித் தெய்வானை கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு கப்பலில் அரிசி வர ஆரம்பித்தது. போர்ட் லூயிஸ் வீட்டில் காலையில் ரொட்டி, மதியம் சோறு, பருப்பு, கீரை, ஞாயிற்றுக்கிழமை கோழி. காய்ச்சல் போனது. தெய்வானையின் உடம்பு தன் சொந்த அளவுக்குத் திரும்பியது. முதலில் கன்னம் நிறைந்தது, பிறகு தோள், பிறகு கை. வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. கண்ணாடியில் தாயின் தோள் தெரிந்தது.

நாகலிங்கம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"உங்கப்பன் என்னை நல்லா ஏமாத்திட்டான்."

"என்னங்க சொல்றீங்க?"

"நான் பாத்தது வேற பொண்ணு. இது யாரு?"

"ஏமாத்தலிங்க. அப்ப சாப்பாடு இல்ல."

அவர் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். சுவரில் வழிந்த குழம்பைத் தெய்வானை துணியால் துடைத்தாள். அன்று அவர் அவளைத் தொடவில்லை. அடி பிறகு வந்தது.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள், அல்லது வெள்ளைக்காரர்களைப்போல இருக்க விரும்பியவர்கள். அவர்களுடைய மனைவிமார் மெல்லிய இடுப்பில் பெல்ட் கட்டி, முழங்காலுக்குக் கீழே விரியும் கவுன் போட்டு விருந்துகளுக்கு வருவார்கள். நாகலிங்கமும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். யாரோ ஒருவர் தெய்வானையைப் பார்த்து, "உங்கள் வீட்டில் நன்றாகச் சமைப்பார்கள் போலிருக்கிறதே" என்று பிரெஞ்சில் சொல்ல, மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாகலிங்கமும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவளுடைய மேற்கையைப் பிடித்துத் திருகினார். "பாலேன்" என்றார். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் திமிங்கிலம். அன்றிலிருந்து அதுவே அவளுடைய பெயர்.

மகள் பிறந்தாள். சுசான் என்று பெயர் வைத்தார். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது. அப்போதுதான் சமையலறையில் இருந்த கார்ட்மான்ஸே என்கிற கம்பிவலை அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவருடைய கோட்டுப் பையில். காலையில் அலுவலகம் போகும் முன் ஒரு கிண்ணம் அரிசியும் கொஞ்சம் கீரையும் எடுத்து வைத்துவிட்டுப் பூட்டுவார்.

"செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், கார்த்திகை விரதம் எல்லாத்தையும் பிடி. யாராவது கேட்டா சாமிக்குன்னு சொல்லு" என்றார்.

தெய்வானை தைப்பூசக் காவடிக்கு வருடாவருடம் நோன்பு இருந்து பால்குடம் எடுத்தவள். அந்தப் பசி அவளுக்குத் தெரியும். அதில் ஒரு லேசு உண்டு, முடிவு உண்டு, முடிந்ததும் கோவில் வாசலில் எல்லாரோடும் உட்கார்ந்து இலையில் சாப்பிடுவது உண்டு. இந்தப் பசிக்கு முடிவு இல்லை.  பிள்ளைக்கு ஊட்டும்போது அதன் வாயிலிருந்து வழிந்ததைச் சுட்டுவிரலால் வழித்து நக்குவாள். அப்படிச் செய்துவிட்டு அழுவாள். வினிகர் குடித்தால் இளைக்கும் என்று அவரே ஒரு பாட்டில் வாங்கி வந்து, காலையில் எதிரில் நின்று குடிக்க வைத்தார். குடல் எரியும். ஆனால் எலும்பை வினிகர் கரைக்குமா? தோள் அப்படியே இருந்தது.

ரோஸ்-மே அந்த வீட்டுக்குள் வந்தது அளவு எடுக்க. அவள் நகரத்து ஓரத்தில் இருக்கும் ரோஷ் புவாவைச் சேர்ந்த, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் தையல்காரி. பகலில் இவர்கள் தெருக்கோடியில் ஓர் அறையில் மெஷின் வைத்துத் தைப்பாள். மாதாமாதம் வந்து மனைவியின் இடுப்பை அளந்து சொல்ல வேண்டும், புது வருஷ விருந்துக்குக் கவுன் தைக்க வேண்டும் என்று நாகலிங்கம் ஏற்பாடு செய்திருந்தார். ரோஸ்-மே நாடாவைச் சுற்றும்போது தெய்வானையின் விலாவில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த அடையாளங்களைப் பார்த்தாள்.  நாடாவை இறுக்கி, உண்மையைவிடக் குறைவாக ஓர் அளவைச் சத்தமாகச் சொன்னாள்.

வாசலில் நின்ற நாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

அடுத்த மாதமும் அப்படியே. கவுன் உண்மையான அளவில் தைக்கப்பட்டிருந்ததால் பொருந்தியது. அவரும் நம்பினார். அந்த இரண்டு மூன்று மாதங்கள் தெய்வானைக்கு நிம்மதியாகப் போயின. மதியத்தில் சுசானைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குப் போவாள். ரோஸ்-மே வாழையிலை மூடிய தட்டை நகர்த்துவாள். கருவாட்டுக் குழம்பும் சோறும், சில நாள் பரோட்டாவும்.

"மான்ஸே, மோ செர்" என்பாள். சாப்பிடு, அக்கா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கத்துக்கு என்ன தோன்றியதோ, தானே ஒரு நாடா வாங்கிவந்து அளந்தார். ஒருமுறை அளந்து, நம்பாமல் மறுபடி அளந்தார். பிறகு இடுப்பு வாரை உருவினார். தெய்வானை அப்போது மூன்று மாதக் கர்ப்பம், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வாரின் பித்தளைக் கொக்கி முதுகிலும் தொடையிலும் விழுந்தது. அவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டதைப் பார்த்து, வயிற்றை மறைக்கிறாள் என்று அவருக்கு இன்னும் கோபம் வந்தது. காலால் உதைத்தார். சாயங்காலத்துக்குள் கரு கலைந்துவிட்டது. வந்த டாக்டரிடம் நாகலிங்கம் படியில் விழுந்துவிட்டாள் என்றார். டாக்டர் அவளைத் திருப்பி முதுகைப் பார்க்கவில்லை.

நடக்க முடிந்ததும் தெய்வானை பஸ் ஏறி ஃப்ளாக்குக்குத் தகப்பனிடம் போனாள். வீரசாமி நல்ல மனிதர்தான். மகளின் முதுகைப் பார்த்துக் கண் கலங்கினார். தண்ணீர் கொடுத்தார், சோறு போட்டார். மறுநாள் காலையில் சொன்னார்:

"அவரு படிச்ச ஆளும்மா. நாலு பேரு நடுவுல நிக்கிறவரு. நீ கொஞ்சம் கொறச்சுத் தின்னா என்ன கெட்டுப்போவுது?"

"அம்மா இருந்தா இப்படிச் சொல்லுமா அப்பா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் அரிசிக் கிண்ணம் பாதியானது. ரோஸ்-மே வாசல் மிதிக்கக்கூடாது என்று உத்தரவு. தெய்வானை நிஜமாகவே இளைத்தாள். தலைமுடி கற்றை கற்றையாகச் சீப்பில் வந்தது. மாதவிலக்கு நின்றது. நாகலிங்கம் திருப்தியாக இருந்தார். விருந்தில் அவளை இடுப்பில் கைவைத்து நடத்திக்கொண்டு போனார். அன்றைக்கு அங்கே வெள்ளித் தட்டில் கேக் வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. தொட்டால் அவருடைய விரல்கள் இடுப்பில் இறுகும் என்று தெரியும்.

1952இல் ஒரு மதியம், அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூங்கிக்கொண்டிருந்த சுசானை வீட்டிலேயே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே தெருக்கோடி வரை போனாள். ரோஸ்-மே மெஷினை நிறுத்திவிட்டு, தான் சாப்பிட வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து நீட்டினாள். தெய்வானை இரண்டு கையாலும் வாங்கி வாய் நிறையத் திணித்துக்கொண்டாள்.

அன்று நாகலிங்கம் ஏதோ வேலையாகச் சீக்கிரம் திரும்பியிருந்தார். தையல் அறை வாசலில் நின்றவர் உள்ளே வந்து அவளுடைய கொண்டையைப் பிடித்தார். தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாயில் ரொட்டியோடு அவளை இழுத்துக்கொண்டு போனார். தடுக்க வந்த ரோஸ்-மேயை நெஞ்சில் குத்தித் தள்ளினார். வீட்டுக்குள் வந்ததும் தெய்வானையின் தாடையைப் பிடித்து வாயைப் பிளந்து விரலை விட்டார்.

"துப்பு. துப்பு, பன்னி."

அவருடைய விரல்கள் தாடையெலும்பை அழுத்தின. அம்மாவுக்குத் தடி விழுந்த அதே இடம். தெய்வானை அவருடைய விரலைக் கடித்தாள். அவர் கத்திக்கொண்டு கையை உதறி, மறுகையால் அறைந்தார். அவள் அம்மிப் பக்கத்தில் விழுந்தாள். கைக்குக் குழவி வந்தது. மிளகாய் ஒட்டிய குழவி. அவர் மறுபடி குனிந்து தரையில் கை ஊன்றியபோது அந்தக் கையின்மேல் அதை இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் தூக்கினாள். அவர் சுவரோரம் சுருண்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

தெய்வானை குழவியை அம்மியின்மேலேயே வைத்தாள். வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்கினாள். பிறகு அவருடைய கோட்டிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, சுசானுக்கு ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து வெளியே நடந்தாள்.

நாகலிங்கம் அலுவலகத்தில் பஸ் படியில் தவறி விழுந்ததாகச் சொன்னார். பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் போலீஸ் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம், அவள் அடைக்கலமாகியிருந்த ரோஸ்-மே வீட்டுக்கே, ரோஷ் புவாவுக்குத் தம் ஆட்களோடு வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனார். ரோஸ்-மேயின் அண்ணன் க்ளெமான் கப்பலில் மூட்டை ஏற்றப் போயிருந்த நேரம். தெய்வானை பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பிள்ளைக்கு வலிக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். தகப்பனுக்குத்தான் உரிமை என்று வக்கீல் ஒருவர் சொன்னார்.

க்ளெமான் சிபாரிசில் துறைமுகத்தில் சர்க்கரைச் சாக்கு தைக்கும் வேலை கிடைத்தது. கற்றாழை நாரில் நெய்த சாக்கு, கையைக் கிழிக்கும். ரோஸ்-மே வீட்டுத் தகர அறையில் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டாள். தோளும் கையும் திரும்பி வந்தன. கோவிலுக்குப் போனால் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, "புருஷனை அடிச்சவ" என்று பேசுவது காதில் விழும். திருவிழாக்களில் சுசானைத் தூரத்தில் பார்ப்பாள். தகப்பனின் விதவை அக்கா பாக்கியம் கையைப் பிடித்திருப்பாள். முதலில் சில வருடங்கள் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. வளர்ந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மெலிந்து நீண்ட பெண். தட்டச்சு படித்து வேலைக்குப் போகிறாள் என்றும், ரோஸ் ஹில்லில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டாள்.

1968 ஜனவரியில் நகரத்தில் கலவரம் வெடித்தது. சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கிரியோல்காரர்களும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். கடைகள் எரிந்தன, ரோஷ் புவாவில் பாதி வீடுகள் காலியாயின, கலவரத்தை அடக்க இங்கிலீஷ் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். ஒருநாள் காலை க்ளெமான் சட்டையில் ரத்தக்கறையோடு வந்தான். அவன் ரத்தம் இல்லை.

"உன் புருஷன் இருக்கிற தெருவுக்குள்ளே கலவரக்காரங்க புகுந்துட்டாங்க. யார் வீடுன்னு பாக்கிறதில்ல" என்றான்.

ரோஸ்-மே வாசலை மறித்தாள். "போகாதே. உன்னைக் கொன்னுடுவாங்க."

"எம் பொண்ணு அங்க இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தெய்வானை அவளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பஸ் இல்லை. தெரு முழுக்கக் கண்ணாடிச் சில்லும் டயர்ப் புகையும். ஒரு முனையில் சங்கிலியும் இரும்புக் கம்பியும் வைத்திருந்த கும்பல் மறித்தது. எந்த ஜாதி என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் நடந்தாள். ஒருவன் கம்பியால் வலது தோளில் போட்டான். முழங்கால் மடிந்தது. எழுந்து மறுபடி நடந்தாள். அவன் இரண்டாவது தடவை ஓங்கவில்லை. ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டுக் கதவு பிளந்து கிடந்தது. பாக்கியம் பின்பக்கமாக ஓடிவிட்டிருந்தாள். நாகலிங்கம் கூடத்தில் மண்டை உடைந்து சாய்ந்திருந்தார். உள்ளே சமையலறை மூலையில் சுசான் உட்கார்ந்திருந்தாள். காயம் ஒன்றும் இல்லை.

"எழுந்திரு."

"கால் நிக்கலம்மா."

"அடிச்சாங்களா?"

"இல்ல. சாப்பிடல. கல்யாண கவுன் இடுப்புல ஏறல, அதான் கொஞ்ச நாளா..." தலை தொங்கியது.

தெய்வானை குனிந்து மகளை இடது தோளில் போட்டுக்கொண்டாள். வளர்ந்த பெண்ணின் கனம் அதில் இல்லை. கூடத்தில் நாகலிங்கம் கையை நீட்டினார். அந்தப் பழைய கை, விரல்கள் சரியாக மடங்காத கை.

"தெய்வானை. என்னையும் கூட்டிட்டுப் போ."

அவள் நின்றாள். கொடியிலிருந்த துண்டை எடுத்து அவர் தலைமேல் போட்டு, அவருடைய கையாலேயே அழுத்திப் பிடிக்க வைத்தாள்.

"சிப்பாய்ங்க வருவாங்க. அதுவரைக்கும் அழுத்திப் பிடிங்க" என்றாள். வெளியே வந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு அக்காவோடு ரோஸ் ஹில்லுக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

ஊரடங்கு இருந்த வாரங்களில் தகர அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். முதலில் கொடுத்த சோற்றைச் சுசான் வாந்தி எடுத்தாள். பிறகு கஞ்சித் தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக. ஒருநாள் சுசான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா எனக்குன்னு ஒருநாளும் அலமாரியைப் பூட்டல. எனக்குப் பூட்டே தேவைப்படல. உன்னைப்போல ஆயிடுவேன்னு பயமாவே இருந்தது. கோவில்ல உன்னைப் பாத்தா அன்னிக்கு முழுக்கச் சாப்பிட மாட்டேன்."

தெய்வானைக்குத் தோள் வலித்தது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றாள். முகம் கழுவினாள். திரும்பி வந்து கிண்ணத்தை மறுபடி எடுத்தாள்.

"சரி. பயந்துக்கோ. பயந்துக்கிட்டே இதைக் குடி."

சுசான் குடித்தாள்.

ரோஷ் புவாவில் தாயோடு இருந்த பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சுசான் இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மார்ச்சில் சுதந்திர நாளன்று ரோஸ்-மேயும் க்ளெமானும் கொடியேற்றம் பார்க்கப் போனார்கள். இவர்கள் போகவில்லை. தெய்வானை பரோட்டா சுட்டாள். சுசான் இரண்டு தின்றாள். தின்றதும் முற்றத்துக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாந்தி எடுக்கப் போகிறாளோ என்று தெய்வானை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகைத் தடவவில்லை. கொடியேற்ற மைதானத்திலிருந்து பீரங்கிச் சத்தம் வந்தது. சுசான் வாந்தி எடுக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல எல்லாரும் வேலைக்குப் போனார்கள். சுசான் பழைய தட்டச்சு வேலைக்கே திரும்பினாள், ஒரு டப்பாவில் சோற்றோடு. அதில் எவ்வளவு தின்றாள், எவ்வளவு கொட்டினாள் என்று தெய்வானை கேட்டதில்லை. வலது தோள் சரியாகக் கூடாததால் தெய்வானை தைத்த சாக்குக் கட்டுகளை இடது தோளில் சுமந்துகொண்டு, துறைமுகத்தில் இன்னும் பல வருடங்கள் வேலை செய்தாள்.